சுதஞ்சணன் ஏன் போருக்கு வரவில்லை?

சென்ற ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் போட்ட நாடகம் பலருக்கும் நினைவிருக்கும். தேவ்னார் குப்பைமேடு தீப்பற்றி எரிகிறது. கோவண்டி முழுவதும் புகை. ஒரு பாட்டி இருமி இருமிப் படுத்துவிடுகிறாள். பேத்தி சும்மா இருக்கவில்லை. மனு எழுதுகிறாள், தோழிகளைச் சேர்க்கிறாள், வார்டு ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள் மொட்டை மாடியில் நின்று அழும்போது, வெள்ளிக் காகிதம் சுற்றிய வேற்றுக் கிரக நண்பன் வானத்திலிருந்து இறங்குகிறான். கையில் இருந்த பொத்தானை ஒரு தட்டுத் தட்டுகிறான். குப்பை மலை பூந்தோட்டம் ஆகிவிடுகிறது. அரங்கம் அதிரக் கைதட்டல்.

நடுவர்களில் நானும் ஒருவன். அந்த நாடகத்துக்கு இரண்டாம் பரிசுதான் என்று சொன்னவன் நானே. பெற்றோர் சிலருக்கு மனவருத்தம். "ஐயா, பழைய புஸ்தகம் படிக்கிறவருக்கு சயின்ஸ் பிக்‌ஷன் எங்கே புரியப் போகுது" என்று ஒருவர் காதுபடவே சொன்னார். அதை விடுங்கள். பேத்தியாக நடித்த பெண் நேரே என்னிடம் வந்து, "தாத்தா, எங்க நாடகத்துல என்ன தப்பு?" என்று கேட்டது. அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. "நல்லா இருந்துச்சும்மா, முடிவு மட்டும்..." என்று இழுத்தேன். பாத்திர வியாபாரிக்குக் கடனை நிலுவையில் வைத்தால் தூக்கம் வராது. அந்தக் கடனை இந்த மலரில் தீர்க்கப் பார்க்கிறேன்.

பழைய நோய்

நாயகன் செய்ய வேண்டிய காரியத்தை, அவனைவிடப் பன்மடங்கு வல்லமை உள்ள ஒரு நண்பன் கடைசி நிமிடத்தில் வந்து செய்துவிட்டுப் போவது கதைக்கலையில் மிகப் பழைய நோய். டி.வி. வந்த பிறகு பிறந்தது அல்ல. கிரேக்க நாடக மேடையில் இதற்கென்றே ஒரு பாரம்தூக்கி வைத்திருந்தார்கள். கதை முடிச்சு அவிழாத இடத்தில் அந்தப் பொறியில் கட்டித் தெய்வத்தை மேலிருந்து இறக்குவார்கள். கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடகத்தில், அவள் சூரியனுடைய தேரில் ஏறித் தப்பிப் போகிறாள். அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் இந்த முடிவையே எடுத்துக்காட்டிக் குறை சொன்னார். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், மேலே கட்டிய பொறியிலிருந்து அல்ல என்பது அவர் வாதம்.

அறிவியல் கதைக்கு இந்த நோய் இன்னும் சுலபமாகத் தொற்றும். காரணம் எளிது. புராணக் கதையில் தெய்வம் இறங்கினால், "இது தெய்வச் செயல்" என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அறிவியல் கதையில் அதே வேலையை ஒரு கருவி செய்கிறது. கருவி என்றதும் ஏதோ விளக்கம் சொல்லிவிட்டது போல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. வெள்ளிக் காகிதம் சுற்றிவிட்டால் தெய்வம் விஞ்ஞானம் ஆகிவிடுமா? அது என்ன செய்யும், என்ன செய்யாது என்ற வரம்பு சொல்லாதவரை அது மந்திரக்கோல்தான்.

சக்திமான் சுழன்ற காலம்

நம் வீடுகளில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 'சக்திமான்'. 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 2005 மார்ச் 27 வரை ஓடியது. மகாபாரதத் தொடரில் பீஷ்மராக நின்ற முகேஷ் கன்னாதான் சக்திமான். பத்திரிகை ஆபீஸில் அசட்டுப் படம்பிடிப்பாளர் கங்காதராக ஒரு வேடம், ஆபத்து என்றதும் பம்பரமாய்ச் சுழன்று வரும் வீரனாக இன்னொரு வேடம். கீதா விஸ்வாஸ் என்ற பெண் நிருபர். 'இருள் நிலைக்கட்டும்' என்று முழங்கும் வில்லன் கில்விஷ். விடுமுறை நாள் பகலில் அது ஓடும்போது கோவண்டி மார்க்கெட்டில் ஒரு பையனைக் கண்ணால் பார்க்க முடியாது. என் கடையில் எடுபிடியாக இருந்த பையனும் எதிர்க்கடை டி.வி. முன்னால்தான் நிற்பான்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீரன் சட்டை மாற்றி வராமல், யோகம், தவம், ஒழுக்கம் என்று நம் மண்ணின் சொற்களிலிருந்து ஒரு வீரனை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன நல்லொழுக்கம் சொன்னார்கள். நகம் கடிக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்று நாம் சொன்னால் கேட்காத பிள்ளைகள் சக்திமான் சொன்னால் கேட்டார்கள். அது சிறிய தொண்டு அல்ல.

ஆனால் கதைக்கட்டைப் பாருங்கள். கீதா விஸ்வாஸ் துணிச்சலான பெண். உண்மையைத் தேடிப் போகிறாள், ஆபத்தில் மாட்டுகிறாள். அந்த இடத்திலிருந்து அவள் அறிவுக்கு வேலை இல்லை. பார்க்கிற பிள்ளையும், "இவள் எப்படித் தப்பிப்பாள்?" என்று யோசிப்பதில்லை. "அவர் எப்ப வருவார்?" என்று கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும், அல்ல. முதல் கேள்வி மூளையை எழுப்பும், இரண்டாவது காத்திருக்கப் பழக்கும்.

அந்த நாட்களில், சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதமான காரியங்களில் இறங்கியதாகப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. அந்தச் செய்திகளை முகேஷ் கன்னா மறுத்தார். தொடரிலேயே தோன்றி, இப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தியும் சொன்னார். செய்திகளில் எது எவ்வளவு உண்மை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். "நான் வரமாட்டேன்" என்று ஒரு வீரன் திரைக்கு வெளியே வந்து சொல்லவேண்டிய நிலை ஏன் வந்தது? கதைக்குள் அவன் வராத நாள் மிகவும் குறைவு என்பதால்தானே?

ஜீனோ என்ற சின்ன நாய்

தமிழில் இதற்கு மாற்று உண்டு. சுஜாதா ஆனந்த விகடனில் 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'. முன்னது பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. விகடனுக்காக நான் கோவண்டியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் போன காலம் அது. ஹார்பர் லைனில் வடாலா போய், அங்கிருந்து பஸ் பிடித்து, கையில் விகடன் கிடைத்ததும் அங்கேயே நின்று ஜீனோ பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

கதை 2021ஆம் ஆண்டை ஒட்டி நடப்பதாக எழுதினார். நாமெல்லாம் அந்த ஆண்டையும் தாண்டி வந்துவிட்டோம்! ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. நிலா என்ற சாதாரண இல்லத்தரசி. அவள் கணவன் காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக வாய்ப்பது ஓர் இயந்திர நாய், ஜீனோ. அது பேசும், புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், மனிதரைவிட நன்றாகவே யோசிக்கும்.

இங்கேதான் சுஜாதாவின் கெட்டிக்காரத்தனம். அவர் மின்னணுப் பொறியாளர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். இயந்திரம் என்றால் வரம்பு உள்ள பொருள் என்பது அவருக்குத் தெரியும். ஜீனோவுக்கு எவ்வளவு அறிவு வேண்டுமானாலும் கொடுத்தார். உடலை மட்டும் நாய்க்குட்டி அளவில் வைத்தார். தூக்கி எறியலாம், பிடித்து வைக்கலாம், கழற்றிப் போடலாம். ஒரு சர்வாதிகாரியை அடித்து வீழ்த்தும் பலம் அதற்கு இல்லை. அதனால் அது யோசனை சொல்கிறது, எச்சரிக்கிறது. நடக்க வேண்டிய நடையை நிலாதான் நடக்கிறாள். வாசகனுக்கும் ஜீனோவின் மேல் பாசம் வருவது அது பெரிய ஆள் என்பதால் அல்ல. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தால். எதுவும் ஆகாத நண்பன்மேல் யாருக்கும் பயம் வராது. பயம் வராத இடத்தில் பாசமும் கெட்டியாவதில்லை.

வெளிநாட்டார் கற்ற பாடம்

இதே நாய்ப் பிரச்சினை இங்கிலாந்திலும் வந்தது. பி.பி.சி.யில் 1963 முதல் வந்த 'டாக்டர் ஹூ' என்ற தொடரில் 1977ஆம் ஆண்டு கே-9 என்ற இயந்திர நாய் சேர்ந்தது. எதிரியைச் சுட அதனிடம் கதிர் ஆயுதம், எந்தக் கேள்விக்கும் பதில். பிள்ளைகளுக்கு உயிர். எழுதுகிறவர்களுக்கோ தலைவலி. சிக்கலை உண்டாக்கினால் நாய் தீர்த்துவிடும். ஆகவே அது அடிக்கடி பழுதாகும், கடல் தண்ணீரில் இறங்கிக் கெட்டுப்போகும், கதைக்கு வெளியே கிடக்கும். 1981இல் தொடரை விட்டே அனுப்பிவிட்டார்கள். டாக்டரின் கையில் எந்தப் பூட்டையும் திறக்கும் ஒரு கருவி இருந்தது. 1982இல் அதையும் கதைக்குள்ளேயே அழித்தார்கள். சிறையில் அடைத்தால் உடனே திறந்துகொண்டு வந்துவிடுகிறார், அப்புறம் கதை எங்கே இருக்கும் என்பதுதான் காரணம். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கருவி திரும்ப வந்துவிட்டது. வசதிப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது போலும்.

அனுப்பிவிடுவது ஒரு வழி. வைத்துக்கொண்டே வரம்பு கட்டுவது அதைவிட நயமான வழி. என் மகன் கணினியில் போட்டுக் காட்டிய அமெரிக்கத் தொடர் ஒன்று, 'ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1'. 1997 முதல் 2007 வரை வந்தது. அதில் பூமிக்காரர்களுக்கு அஸ்கார்டு என்ற வேற்றுக் கிரக இனம் நண்பர்கள். நம்மைவிடப் பல்லாயிரம் ஆண்டு முன்னேறியவர்கள். நினைத்தால் ஆளைத் தூக்கிக் கப்பலில் வைப்பார்கள். "இவங்க இருக்கும்போது அப்புறம் என்னடா சண்டை?" என்று மகனிடம் கேட்டேன். "இருங்கப்பா, பாருங்க" என்றான்.

பார்த்தேன். அந்த இனத்தாருக்கு அவர்கள் ஊரிலேயே தீராத போர். பூச்சி வடிவில் பெருகும் இயந்திரங்கள் அவர்களை அழித்துக்கொண்டிருக்கின்றன. பூமியைப் பாதுகாக்க எதிரியோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் எதிரி உண்மையிலேயே படையெடுத்தால் அனுப்பக் கப்பல் கையில் இல்லை. நம் வியாபார பாஷையில், பேங்கில் பணம் இல்லாமல் கொடுத்த செக். 2000ஆம் ஆண்டில் வந்த பகுதிகளில் அந்தப் பெரியவர்களே பூமிக்காரரிடம் வந்து உதவி கேட்கிறார்கள். அவர்களுடைய உயர்ந்த கதிர் ஆயுதங்கள் அந்தப் பூச்சிகளிடம் எடுபடவில்லை. நம்முடைய பழைய துப்பாக்கிக் குண்டு எடுபடுகிறது. வல்லவனுக்கும் ஒரு குறை வைத்து, அந்தக் குறையை எளியவன் கையால் நிரப்பியதும், கைப்பிச்சை நட்பாக மாறிவிட்டது. எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றியது.

சிந்தாமணியில் ஒரு நாய்

சரி, இதற்கும் என் பழைய புஸ்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அங்கேயும் ஒரு நாய்தான்.

திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணி எங்கள் தமிழ்ச் சமணர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்த நூல். உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் கேட்டுத் தெளிந்து 1887ஆம் ஆண்டு அச்சிட்டார் என்பதை எல்லோரும் அறிவோம். வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து கதையாகச் சொல்லுவார். அரிசிக்குக் காத்திருக்கும் கோழி மாதிரி நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

சோற்றைத் தொட்டுவிட்டது என்று சிலர் ஒரு நாயை அடித்துக் கால் ஒடிக்கிறார்கள். சாகும் நிலையில் கிடந்த அதன் காதில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறக்கிறது. நன்றி மறவாமல் திரும்பி வந்து, துன்பம் வரும்போது என்னை நினை என்று சொல்லிப் போகிறது. இதைவிட எல்லாம் வல்ல நண்பன் வேண்டுமா? நம் பிள்ளைகள் நாடகத்து வெள்ளிக் காகிதக்காரனுக்கு அண்ணன்.

கொஞ்ச நாளில் ஆபத்து வருகிறது. சீவகனின் தந்தையைக் கொன்று அரசைப் பறித்த கட்டியங்காரன், சீவகனையும் பிடித்துக் கொல்ல ஆள் அனுப்புகிறான். சீவகன் நண்பனை நினைக்கிறான். சுதஞ்சணன் காற்றும் மழையுமாக வந்து அவனைத் தூக்கிச் சென்றுவிடுகிறான். இந்த இடத்தில் திருத்தக்கதேவரும் அதே தவற்றைச் செய்துவிட்டாரே என்று சொல்லத் தோன்றும். நானும் இளவயதில் தாத்தாவிடம் கேட்டேன். "சீவகன்தான் பெரிய வீரனாச்சே, அவனே சண்டை போட்டிருக்கலாமே தாத்தா?"

தாத்தா சொன்ன விளக்கம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "டேய், அவன் வாத்தியாருக்கு வாக்கு கொடுத்திருக்கான்டா. ஒரு வருஷம் பகை தீர்க்கமாட்டேன்னு. அந்த வாக்குதான் அவன் கையைக் கட்டுச்சு, கயிறு இல்லே." ஆசிரியர் அச்சணந்தி வாங்கிய வாக்கு அது. அப்படியானால் சுதஞ்சணன் காப்பாற்றியது சீவகனின் உயிரை மட்டும் அல்ல; அவன் வாக்கையும்தான். வரப்போகும் உதவிக்கான முதலும் நாயின் கதையாக முன்னமே போடப்பட்டுவிட்டது. வானத்திலிருந்து வந்தாலும் அது கதைக்கு வெளியிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். சுதஞ்சணன் நினைத்தால் சீவகனைக் கொண்டுபோய் இராசமாபுரத்து அரியணையிலேயே உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. தன் மலையில் சில காலம் வைத்திருந்து மூன்று மந்திரங்கள் கொடுக்கிறான். விரும்பிய வடிவம் எடுக்க ஒன்று, இனிய குரல் பெற ஒன்று, நஞ்சு முதலிய துன்பம் நீக்க ஒன்று. போக வேண்டிய வழியைச் சொல்லி அனுப்பிவிடுகிறான். அந்த மூன்றையும் பயன்படுத்துவது சீவகன் பொறுப்பு. பாம்பு கடித்த பதுமையை அவன் பிழைக்க வைக்கிறான். கிழவன் வேடம் கொண்டு, பாடி, ஆண்கள் முகத்தையே பார்க்கமாட்டேன் என்றிருந்த சுரமஞ்சரியின் மனத்தை மாற்றுகிறான்.

கடைசிப் போர் வருகிறது. மாமன் கோவிந்தன் படையோடு துணை நிற்கிறான். அவனும் மனிதன், சாகக் கூடியவன். வானத்தில் ஓர் இயக்கன் தோன்றிச் சீவகனே வெல்வான் என்று அறிவிக்கிறான்; அதோடு சரி, ஆயுதம் எடுப்பதில்லை. கட்டியங்காரனைக் கொன்றது சீவகன் கை. காற்றையும் மழையையும் ஏவத் தெரிந்த சுதஞ்சணன் ஏன் அந்தப் போரை ஒரு நொடியில் முடித்து வைக்கவில்லை? வந்து முடித்திருந்தால் அரசு சீவகனுடையது ஆகியிருக்காது. சுதஞ்சணன் கொடுத்த தானம் ஆகியிருக்கும். திருத்தக்கதேவருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

வியாபாரி கண்ட நான்கு வரம்புகள்

கணக்கு என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. 1980களில் இங்கே முதல்முதல் கடை போட்டபோது நஷ்டம். வசதியான உறவினர் ஒருவர் ஒரே நாளில் என் கடன் முழுவதையும் கட்டிவிட்டார். எந்தச் சரக்கில் பணம் முடங்கியது என்றுகூட நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. இரண்டே வருஷத்தில் மறுபடி அதே நஷ்டம். இந்த முறை வேறொரு பெரியவர் பணம் தரவில்லை. எடைத் தராசும், ஒரு மாதத் தவணைக்குச் சரக்கும் கொடுத்து, "தினமும் ராத்திரி கணக்கு எழுதிட்டுத்தான் படுக்கணும்" என்றார். அந்தக் கடைதான் இன்றைக்கும் நடக்கிறது. முதல்வர் என்மேல் கொண்ட அன்பு குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னை வியாபாரி ஆக்கியவர் இரண்டாமவர்.

கதை எழுத ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சுருக்கி நான்கு வரம்பாகச் சொல்லலாம்.

ஒன்று, வல்ல நண்பனுக்கும் சொந்த வேலையும் சொந்தத் தொல்லையும் இருக்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வர அவன் வேலைக்காரன் அல்ல.

இரண்டு, உதவிக்கு விலை இருக்க வேண்டும். முன்பு செய்த நன்மையின் பலனாகவோ, பின்னால் தீர்க்க வேண்டிய கடனாகவோ அது கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.

மூன்று, அவன் கருவி தரலாம், காரியத்தை முடித்துத் தரக் கூடாது. மந்திரம் தரலாம், மகுடம் தரக் கூடாது.

நான்கு, வருவதானால் கதையின் இடையில் வரட்டும். இடையில் வரும் உதவி கதையை வளர்க்கும். முடிவில் வரும் உதவி அதுவரை நாயகன் செய்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

ஒரு மறுப்புக்குப் பதில்

"கூப்பிட்டால் கடவுள் வருவார் என்ற நம்பிக்கையையே குறை சொல்கிறீரா?" என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை. யானையின் குரலுக்கு இறங்கி வந்த பெருமாள் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுபவர்கள் என் நண்பர்கள். பக்தியில் அந்த முடிவுக்கு வேறு பொருள் உண்டு; அங்கே சரணாகதியே நாயகனின் செயல். எங்கள் மரபில் அருகன் வழி காட்டுவாரே ஒழிய வந்து தூக்கிவிடமாட்டார், அவரவர் வினை அவரவரைச் சேரும். மரபுகள் எப்படியும் இருக்கட்டும். நான் பேசுவது கதைக்கட்டைப் பற்றி மட்டும். விஞ்ஞானக் கதை என்று பெயர் வைத்துக்கொண்டால் காரணமும் காரியமும் கைகோத்து வர வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. "பிள்ளைகள் பாவம், கதையிலாவது யாராவது வந்து காப்பாற்றட்டுமே." இதற்கு வாதத்தால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2005 ஜூலை 26ஆம் தேதியைச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றது, போன் செத்தது. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, செம்பூரில் பள்ளிக்கூடம். நான் இடுப்பளவுத் தண்ணீரில் தேடிக் கிளம்பினேன். அவன் வந்து சேர்ந்த கதை பிறகுதான் தெரிந்தது. பள்ளிக் காவலாளி ஒருவர் மேடான தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை, மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். காய்கறிக் கைவண்டிக்காரர் ஒருவர் நாலைந்து பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கொஞ்ச தூரம் தள்ளினார். வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் அவரும் நின்றுவிட்டார். தையல் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் பரணில் ஏற்றி உட்கார வைத்து, கிச்சடி கொடுத்தார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று அவன் சாப்பிட்டான், நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவர்தான் ஸ்டேஷன் ரோடு முனை வரைக்கும் கூட்டி வந்தார். அங்கிருந்து மகன் நடந்து வந்தான், பக்கத்துக் கட்டடத்து ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு. வழி முழுக்க அந்தக் கையை அவன் விடவில்லையாம்.

சக்திமான் முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. துண்டால் தலை துவட்டும்போது அவன் சொன்னான், "சக்திமான் இருந்திருந்தா ஒரே நிமிஷத்துல கொண்டுவந்து விட்டிருப்பாருப்பா."

அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். பதில் பல வருஷம் கழித்து, அவன் தன் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டபோது வந்தது. சக்திமான் வந்திருந்தால் அந்தக் காவலாளியும், கைவண்டிக்காரரும், தையல்கார பாயும் கதையில் இருந்திருக்கமாட்டார்கள். அந்தச் சின்னப் பையனின் கையும் இருந்திருக்காது. மகன் தன் பிள்ளையிடம் சொல்ல ஒரு கதையே இருந்திருக்காது.

ஆகவே பேத்தியாக நடித்த பெண்ணே, உன் கேள்விக்குத் தாத்தாவின் பதில் இது. உங்கள் வேற்றுக் கிரக நண்பனை அனுப்பிவிட வேண்டாம். வெள்ளிக் காகிதமும் இருக்கட்டும், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவனை நடுவிலேயே வரவையுங்கள். அவன் கப்பல் பழுதாகி உன் மொட்டை மாடியில் விழட்டும். புகையில் அவனுக்கும் மூச்சு முட்டட்டும், நீ அவனுக்குத் தண்ணீர் கொடு. அவன் உனக்கு ஒரு சின்னக் கருவி தரட்டும். குப்பை மலைக்குள் எந்த இடத்தில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது என்று காட்டும் கருவி, அவ்வளவுதான். தேவ்னாரில் 1927இலிருந்து கொட்டிய குப்பை. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது, எழுந்த புகை விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளுக்கே தெரிந்தது. அடியில் அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுதான் தீக்குப் பெரிய காரணம். உன் மனுவில் இல்லாதது ஆதாரம். அந்த ஆதாரத்தை அந்தக் கருவி கொடுக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீயும் தோழிகளும் மறுபடி வார்டு ஆபீஸுக்குப் போங்கள். இந்தத் தடவை என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, தோல்வி உங்களுடையதாக இருக்கும்.

நண்பன் கிளம்பிப் போகும்போது மட்டும் ஒரு தரம் திரும்பிக் கையசைக்கட்டும். அடுத்த விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னை நடுவராகப் போட வேண்டாம் என்று குழுவினரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.